திரையை அணைத்துவிட்டு உட்கார்ந்த லிஃப்ட் மெக்கானிக்

எனக்குக் கோபம் சட்டென்று வரும். நன்றி சொல்லத்தான் நாளாகும். இந்த இரண்டு குணத்திடமும் மாட்டிக்கொண்டு முழித்த ஒரு மனிதரைப் பற்றி எழுதப் போகிறேன். எங்கள் கட்டடத்தின் கீழ்த்தளத்தில், படிக்கட்டை ஒட்டிய வீட்டில் மனைவியோடு இருக்கிறார். லிஃப்ட் மெக்கானிக். சுற்றுவட்டாரத்தில் பதினோரு கட்டடங்களின் லிஃப்ட் அவர் பொறுப்பு. எல்லாருக்கும் அவர் 'லிஃப்ட் அண்ணன்'. நான்காவது மாடியில் என்னோடு இருக்கும் என் மாமியாருக்கு மட்டும் 'லிஃப்ட் தம்பி'.

எனக்குப் பிறந்ததிலிருந்தே பார்வை இல்லை. இதைச் சொன்னவுடன் சிலர் 'அச்சச்சோ' என்று ஆரம்பிப்பார்கள். அவர்கள் நிதானமாக முடித்துவிட்டு வரட்டும், நான் என் வேலையைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் ஸ்கேன் பிரிவுக்கு வீட்டிலிருந்தே ரிப்போர்ட் அடித்துக் கொடுக்கிறேன். டாக்டர்கள் ஸ்கேன் படத்தைப் பார்த்து வாயால் சொல்லிப் பதிவு செய்வார்கள். அந்தப் பதிவு என் கம்ப்யூட்டருக்கு வரும். காலடியில் ஒரு பெடல். மிதித்தால் டாக்டர் பேசுவார், எடுத்தால் நிறுத்துவார், ஓரத்தை மிதித்தால் கொஞ்சம் பின்னால் போய்த் திரும்பச் சொல்வார். ஒரு டாக்டரை இப்படிக் காலால் அடக்கிவைக்கும் பாக்கியம் எத்தனை பேருக்குக் கிடைக்கும்? இந்த ஊரில் எத்தனை பேருடைய சிறுநீரகத்தில் கல் இருக்கிறது என்று கேட்டால் எனக்கு உத்தேசமாகத் தெரியும். யாருடையது என்று கேட்டால் வாயைத் திறக்க மாட்டேன்.

நான் அடிக்கும் ஒவ்வொரு எழுத்தையும் கம்ப்யூட்டர் குரலில் சொல்லும். திரையில் இருப்பதைப் படித்துக்காட்டும் மென்பொருள் அது. நான் அதை வேகமாக ஓடவிட்டுப் பழகியதால் மற்றவர்களுக்கு ஒன்றும் புரியாது. "பாத்திரம் உருள்ற மாதிரி இருக்கு" என்பார் மாமியார். அந்த உருளல்தான் என் கண், என் பேனா, என் சம்பளம். பள்ளிக்கூடம் முடித்து ஏழு வருடம் ஒருவரும் எனக்கு வேலை கொடுக்கவில்லை. நேர்காணலுக்குப் போனால் கூட வந்தவரிடம்தான் கேள்வி கேட்பார்கள். இந்த வேலை கிடைத்து பதினான்கு வருடம் ஆகிறது. லாரி ஓட்டும் என் கணவர் வாரக் கடைசியில் வந்து, "என்ன மேடம், இன்னைக்கு எத்தனை நுரையீரல்?" என்று கேட்பார். அந்த மேடம் எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

போன வருடம் கம்ப்யூட்டர் தள்ளாட ஆரம்பித்தது. பத்து வயதான பெட்டி, பாவம். நான் ஒரு சொல்லை அடித்து முடித்து அடுத்ததற்குப் போன பிறகுதான் அது முதல் சொல்லின் முதல் எழுத்தைச் சொல்லும். எதிரொலியோடு சண்டை போடுவது போல இருக்கும். அந்த நேரம் பார்த்து ஆஸ்பத்திரி மேலாளர் அம்மா போன் செய்தார்.

"உங்க ரிப்போர்ட் போன மாசம் ஆறு லேட்டும்மா. வீட்டிலிருந்து வேலை பார்க்கிற எல்லாருக்கும் ஒரு டெஸ்ட் வைக்கச் சொல்லியிருக்காங்க. ஒரே நாள்ல இருபது ரிப்போர்ட். ஒவ்வொண்ணும் அரை மணிக்குள்ள திரும்பி வரணும். வரலைன்னா வேலை இங்கயே உள்ள இருக்கிறவங்களுக்குப் போயிடும். நான் ஒண்ணும் பண்ண முடியாது."

டெஸ்டுக்கு ஐந்து வாரம் இருந்தது. புதுக் கம்ப்யூட்டர் வாங்கும் நிலைமையில் நாங்கள் இல்லை. அதோடு அந்த விஷயம் முடிந்தது.

மறுநாள் நானும் மாமியாரும் மாடியில் லிஃப்டுக்காக நின்றுகொண்டிருந்தோம். நான் கம்ப்யூட்டரைத் திட்டிக்கொண்டிருந்தேன். அந்தப் பெட்டியைத் தூக்கி மாடியிலிருந்து போடப்போகிறேன் என்றதும், தரைமட்டத்திலிருந்து ஒரு குரல் வந்தது. பொத்தான் பலகையைக் கழற்றிவைத்துக்கொண்டு லிஃப்ட் அண்ணன் அங்கேயே மண்டி போட்டிருந்தாராம். எனக்குத் தெரியவில்லை. மாமியார் சொல்லவுமில்லை.

"போடாதீங்கம்மா. பத்து வருஷ மிஷின்தானே? அதுக்கு லினக்ஸ் போட்டா ஓடும்."

லினக்ஸ் என்பது விண்டோஸ் போலக் கம்ப்யூட்டரை இயக்கும் இலவச மென்பொருள், பழைய பெட்டியிலும் லேசாக ஓடும். அது அவருக்கு எப்படித் தெரியும் என்று நானும் ஆச்சரியப்பட்டேன். அவர் மனைவி ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் கிளார்க். அங்கே கழித்துப்போட்ட ஒரு மடிக்கணினியை வீட்டுக்குக் கொண்டுவந்து, பழுது பார்க்கிற பழக்கதோஷத்தால் அதை நோண்டி, அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இணையத்தில் படித்துப் படித்துத் தானாகவே கற்றுக்கொண்டிருக்கிறார். பத்தாவது முடித்துவிட்டுத் தொழிற்கல்வி படித்தவர். ஒன்று புரியவில்லை என்றால் புரியவில்லை என்று சொல்லிவிடுவார். புரிந்த பிறகும் அலட்டிக்கொள்ள மாட்டார்.

மறுநாள் சாயங்காலம் பையோடு வந்தார். கதவு திறந்துதான் இருந்தது, இருந்தாலும் இரண்டு தரம் தட்டினார். அவர் வந்தால் கிரீஸ் வாசனை கொஞ்சம் முன்னால் வந்துவிடும், எனக்கு அது வசதி.

"உங்க ஆஸ்பத்திரி புரோகிராம் விண்டோஸ்ல மட்டும்தான் ஓடுமா?"

"ஆமாண்ணே. அதுதான் தொல்லை."

"அப்ப விண்டோஸைத் தூக்க வேண்டாம். ஒரே கட்டடம், ரெண்டு வீடு. ஒண்ணுல விண்டோஸ் இருக்கட்டும், இன்னொண்ணுல லினக்ஸ். ஆன் பண்ணினதும் வாசல்ல நின்னு எந்த வீடுன்னு கேக்கும். நீங்க சொல்ற வீட்டுக்குள்ள போகும். ஆனா ஒரே நேரத்துல ரெண்டு வீட்டுலயும் இருக்க முடியாது."

முதலில் என்னிடமிருந்த எல்லாவற்றையும் ஒரு தனி டிஸ்கில் நகல் எடுத்தார். அப்புறம் விண்டோஸ் இருந்த இடத்தைச் சுருக்கி, பக்கத்தில் காலியிடம் ஒதுக்கி லினக்ஸ் ஏற்றினார். ஏறும்போதே அது பேச ஆரம்பித்துவிட்டது. நான் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். எழுத்து விழுந்த அடுத்த நொடி குரல் விழுந்தது. அந்தக் கிழட்டுப் பெட்டிக்குள் இப்படி ஒரு சுறுசுறுப்பு எங்கே ஒளிந்திருந்ததோ! கடிதம், செய்தி, கணவர் கேட்ட முகவரி எல்லாம் மளமளவென்று ஆயிற்று. என் வாயெல்லாம் பல் என்று மாமியார் சொன்னார்.

சிக்கல் வாசலில் இருந்தது. எந்த வீடு என்று கேட்கும் அந்தப் பட்டியல் வாயே திறக்கவில்லை. குரல் கொடுக்கும் மென்பொருள் வீட்டுக்குள் போன பிறகுதானே விழிக்கும்? வாசலில் நிற்கிற எனக்குப் பட்டியல் வந்ததா, பத்து நொடி முடிந்து தானாக உள்ளே போய்விட்டதா, ஒன்றும் தெரியவில்லை. மாமியாரை உட்காரவைத்தோம். அவருக்கு ஆங்கில எழுத்துகள் தெரியும். எழுத்துக்கும் எழுத்துக்கும் நடுவில் ஒரு பெருமூச்சும் உண்டு.

"யூ... பி... இரு, கண்ணாடியைத் துடைச்சுக்கறேன்... யூ..."

அவர் மூன்றாவது எழுத்துக்கு வருவதற்குள் பத்து நொடியும் போய்விட்டது. நான்கு தரம் இப்படியே.

லிஃப்ட் அண்ணன் கீழே இறங்கிப் போனார். கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்து கம்ப்யூட்டர் மூடியைக் கழற்றினார். பழைய லிஃப்ட் பலகை ஒன்றிலிருந்து கழற்றிய குட்டி பஸ்ஸர் அவர் கையில் இருந்தது, விரல் நுனி அளவுதான். அதை உள்ளே ஒரு இடத்தில் செருகி, லினக்ஸில் ஏதோ ஒரு வரியை மாற்றினார். ஆன் செய்தேன். டிங், டிங் என்று இரண்டு சத்தம்.

"பட்டியல் வந்துடுச்சுன்னு அர்த்தம். அப்படியே விட்டா லினக்ஸ். மூணு தரம் கீழ் அம்பு, ஒரு எண்டர்னா விண்டோஸ். மாடி வந்தா லிஃப்ட் சத்தம் போடுதுல்ல, இதுவும் போடட்டுமே."

இருபது வருடமாகக் கம்ப்யூட்டரோடு குடித்தனம் நடத்துகிறேன். அது ஆன் ஆகிறதா இல்லையா என்று விசிறியின் காற்றில் கையை வைத்துத்தான் கண்டுபிடிப்பேன். அது முதன்முறையாக வாசலில் நின்று என்னைக் கூப்பிட்டது.

இத்தோடு அவர் போயிருக்கலாம். ஆனால் அவர்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டாம். லிஃப்டைச் சரிசெய்தால், சரிசெய்தவன்தான் முதலில் ஏற வேண்டும். ஏறி எல்லா மாடிக்கும் போய் வந்த பிறகுதான் மற்றவர்களை ஏற்றுவார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்தார், என் மேஜைக்கு முன்னால் உட்கார்ந்தார், திரையை அணைத்தார். ஹெட்போனை மாட்டிக்கொண்டு, சாயங்காலம் வரை அந்தக் குரலை மட்டும் கேட்டு வேலை செய்து பார்த்தார். குரலை என் வேகத்தில் வைக்கட்டுமா என்று கேட்டேன். "ஐயோ, வேண்டாம்மா" என்றார். இரண்டு தரம் எங்கேயோ போய் மாட்டிக்கொண்டு, எப்படி வெளியே வருவது என்று என்னிடமே கேட்டார். நான் ஜம்பமாகச் சொல்லிக்கொடுத்தேன். மாமியார் எதிரில் உட்கார்ந்து, "கரண்ட் மிச்சம் பண்றியா தம்பி?" என்று கேட்டார்.

அன்று எனக்காக ஏழு இடங்களில் ஏழு சின்னச் சின்னத் திருத்தம் செய்தார். எங்கெங்கே குரல் நின்றுபோகிறது என்று அவரே தடுக்கி விழுந்து கண்டுபிடித்தவை. என்னைச் சுற்றி நிறையப் பேர் இரக்கப்பட்டிருக்கிறார்கள். என் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தவர் அவர் ஒருவர்தான்.

மூன்று வாரம் இப்படி ஓடியது. மற்ற எல்லாம் லினக்ஸ், ஆஸ்பத்திரி வேலைக்கு மட்டும் விண்டோஸ். அந்தப் பக்கத்திலிருந்த தேவையில்லாததை எல்லாம் அவர் துடைத்துப்போட்டதால் முன்னைக்கு இப்போது பரவாயில்லை. ஆனால் டெஸ்டுக்கு அது போதாது என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். அந்தப் புரோகிராமை லினக்ஸிலேயே ஓட்ட முடியுமா என்று வரும் சனிக்கிழமை பார்க்கலாம் என்று சொல்லியிருந்தார். திங்கட்கிழமை டெஸ்ட்.

வியாழக்கிழமை காலையில் நான் ஒரு காரியம் செய்தேன்.

ஆன் செய்தேன். டிங், டிங். மூன்று கீழ் அம்பு, எண்டர். விண்டோஸ் குரல் வர வேண்டும். வரவில்லை. ஒரு நிமிடம், இரண்டு நிமிடம், ஐந்து நிமிடம். லினக்ஸில் புதுப்பிப்பு வந்தால் பட்டியலின் வரிசை மாறலாம், அப்போது தப்பான வரியில் போய் நிற்கும் என்று அவர் ஒரு தரம் எச்சரித்திருந்தார். அதுதான் ஆகியிருக்கிறது, எங்கேயோ போய் நிற்கிறேன் என்று நினைத்தேன். மாமியார் கடைக்குப் போயிருந்தார். பவர் பொத்தானை அழுத்திப் பிடித்து அணைத்தேன்.

நான் சரியான வீட்டுக்குள்தான் போயிருந்தேன். விண்டோஸ் தன்னைப் புதுப்பித்துக்கொண்டிருந்தது. 'அணைக்காதீர்கள்' என்று திரையில் கொட்டை எழுத்தில் போட்டிருக்குமாம். அந்த நேரத்தில் குரல் எதுவும் விழித்திருக்காது. பாதியில் அணைத்ததால் அது திரும்ப எழுந்திருக்கவே இல்லை. மாமியார் வந்து திரையைப் பார்த்து, "நீலமா இருக்கு, ஏதோ மன்னிப்புக் கேக்குற மாதிரி இருக்கு" என்றார்.

நேராக லிஃப்ட் அண்ணனுக்குப் போன் போட்டேன். என்ன ஏது என்று விசாரிக்கும் பொறுமை என்னிடம் இருந்ததே இல்லை.

"ரெண்டு வீடு கட்டித் தர்றேன்னீங்களே அண்ணே, ஒண்ணு இடிஞ்சு போச்சு! பழையபடி விட்டிருந்தா மெதுவாவாவது ஓடியிருக்கும்ல? திங்கட்கிழமை டெஸ்ட். பதினாலு வருஷம்! இனிமே எனக்கு யாரு வேலை தருவா? நீங்க தருவீங்களா?"

அவர் இருந்த இடத்தில் இரும்புக் கதவு ஒன்று மூடும் சத்தம் கேட்டது. "வர்றேம்மா" என்று மட்டும் சொன்னார்.

வந்தார். அரை மணி நேரம் எதையெதையோ செய்து பார்த்தார். பிறகு நாற்காலியைப் பின்னால் தள்ளினார். இப்போது அவர் என்னைக் குறை சொல்லப்போகிறார், நீங்கள் ஏன் பாதியில் அணைத்தீர்கள் என்று கேட்கப்போகிறார் என்று பதில் தயாராக வைத்திருந்தேன். சண்டைக்கு ஆள் கிடைத்தால் பயம் கொஞ்சம் குறையும்.

"தப்பு என்னுதும்மா" என்றார். "திரையை அணைச்சுட்டு எல்லாம் பார்த்துட்டேன்னு நினைச்சேன். ஆனா நடுவுல சத்தமே இல்லாமப் போனப்போ ரெண்டு தரம் நான் திரையைப் போட்டுப் பார்த்துக்கிட்டேன். நீங்க அப்படிப் போட்டுக்க முடியாதுல்ல. அந்த இடத்தைத்தான் நான் சரியா யோசிக்கல."

மாமியார் மூவருக்கும் தேநீர் போட்டுவந்தார்.

விண்டோஸ் எழுந்திருக்காவிட்டாலும் அந்த வீட்டுக்குள் இருந்த சாமான் எல்லாம் பத்திரமாகத்தான் இருந்தது. லினக்ஸிலிருந்து எட்டிப் பார்த்து, ஆஸ்பத்திரி புரோகிராமின் கோப்புறையை அப்படியே இந்தப் பக்கம் நகல் எடுத்தார். விண்டோஸ் புரோகிராமை லினக்ஸில் ஓட்டுவதற்கு வைன் என்று ஒரு மென்பொருள் இருக்கிறது என்றார். மாமியார் டம்ளரைக் கீழே வைத்தார்.

"குடிக்கிற வைனா? நம்ம வீட்டுலயா தம்பி?"

"அது வேறம்மா. இது மொழிபெயர்க்கிற ஆளு. அந்தப் புரோகிராம் விண்டோஸ் பாஷையில ஏதாவது கேட்டா, இது லினக்ஸ் பாஷையில வாங்கிக் கொடுக்கும். அதுக்கு விண்டோஸ் இல்லாத இடத்துல இருக்கோம்னே தெரியாது."

வெள்ளிக்கிழமை அவருக்கு வேலை இருந்தது. சாப்பாட்டு இடைவேளையில் ஏதோ ஒரு கட்டடத்தின் மொட்டைமாடியில் நின்றுகொண்டு போனில் சொல்லச் சொல்ல, நான் கட்டளைகளை அடித்தேன். லினக்ஸ் தன் பதில்களை எனக்குப் படித்துக்காட்டியது. புரோகிராம் எழுந்திருக்கப் பார்த்து, திரையில் ஒரு சின்ன அறிவிப்புப் பெட்டியைக் காட்டிவிட்டுப் படுத்துக்கொண்டது. அந்தப் பெட்டி வைன் போட்டது, லினக்ஸ் குரலுக்கு எட்டாது, அதனால் ஊமை. மாமியாரைக் கூப்பிட்டேன். இந்தத் தரம் பத்து நொடி கெடு எதுவும் இல்லை. அவர் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்து, கண்ணாடியைத் துடைத்து, சாவகாசமாகப் படித்தார்.

"எம்... எஃப்... சி... நாலு... ரெண்டு..."

"போதும்மா, போதும்!" என்று போனில் கத்தினார் லிஃப்ட் அண்ணன். "அந்த ஒரு கோப்புதான் இல்லாம இருக்கு. கெட்டிக்காரிம்மா நீங்க!"

என் மாமியார் அதற்கப்புறம் அன்று முழுவதும் வீட்டில் நடந்த நடையை நான் பார்க்கவில்லை, ஆனால் கேட்டேன்.

விடுபட்டதைப் போட்டதும் புரோகிராம் எழுந்தது, டாக்டர் பேசினார். கிணற்றுக்குள்ளிருந்து திக்கித் திக்கிப் பேசினார். அதைச் சனிக்கிழமை லிஃப்ட் அண்ணன் வந்து சரிசெய்தார். ஆனால் பெரிய சிக்கல் அப்படியே நின்றது. அந்த ஜன்னலுக்குள் போனால் என் லினக்ஸ் குரல் வாயை மூடிக்கொண்டது. எந்தப் பொத்தானில் நிற்கிறேன், என்ன அடித்தேன், எதையும் சொல்லவில்லை. ஒன்றுக்கு மூன்று வழி முயன்றார், மூன்றும் சரிவரவில்லை. போச்சு, அவ்வளவுதான் என்று நான் முடிவுகட்டி எழுந்தபோது அவர் ஒரு கேள்வி கேட்டார்.

"ஏம்மா, அந்தப் புரோகிராம் உங்ககிட்ட பேசியே ஆகணுமா? இல்ல, டாக்டர் பேசினா போதுமா?"

நான் திரும்ப உட்கார்ந்தேன்.

டாக்டர் பேசினால் போதும். நான் கேட்பது அவரை மட்டும்தானே. அடிப்பதை லினக்ஸிலேயே, பேசுகிற பக்கத்திலேயே அடிக்கலாம். பெடலை மிதித்தால் அந்தச் செய்தி மட்டும் ஊமை ஜன்னலுக்குப் போகும்படி சின்னதாக ஒரு நிரல் எழுதினார். அடித்து முடித்து விசைப்பலகையில் ஒரு பொத்தானை அழுத்தினால், எல்லாவற்றையும் எடுத்து அந்த ஜன்னலின் பெட்டிக்குள் ஒட்டி, அனுப்பு என்று சொல்லிவிடும். சரியாகப் போய்ச் சேர்ந்தால் அந்தப் புரோகிராம் எப்போதும் போடுகிற 'டொக்' சத்தம் வரும். அடுத்த பதிவு தானாக வந்து நிற்கும். பெடல் சரியாக வேலை செய்ய ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஆகிவிட்டது. அவர் மனைவி சாப்பாட்டை மேலேயே கொண்டுவந்து கொடுத்துவிட்டு, "இவர் எங்க வீட்டு மிக்ஸியை மூணு மாசமா நாளைக்கு நாளைக்குன்னு சொல்றாரு" என்று சிரித்தார்.

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு உட்கார்ந்தேன். மாமியார் தொலைக்காட்சி போடவில்லை. குக்கர்கூட வைக்கவில்லை. முதல் ரிப்போர்ட் ஒரு முழங்கால். டாக்டர் பேசினார், நான் அடித்தேன், குரல் என் விரலோடு ஒட்டிக்கொண்டு வந்தது. பொத்தானை அழுத்தினேன். டொக். இரண்டாவது ஒரு கல்லீரல். டொக். ஏழாவதில் ஒரு டாக்டர் நடுவில் தும்மி, யாரிடமோ காப்பி கேட்டார். அதை நான் அடிக்கவில்லை. பதின்மூன்றாவதில் என்னை அறியாமல் பாட ஆரம்பித்துவிட்டேனாம், மாமியார் வந்து தோளைத் தொட்டார். இருபதாவது டொக் வந்தபோது மணி மூன்றே கால். கடைசி ஒன்பதும் கால் மணிக்கு ஒன்று என்று போயிருந்தது.

புதன்கிழமை மேலாளர் அம்மா போன் செய்தார். "எல்லாம் நேரத்துக்கு வந்துடுச்சும்மா. ஒரு தப்பும் இல்ல. புது கம்ப்யூட்டர் வாங்கிட்டீங்களா?"

"இல்ல மேடம், அதே பழசுதான்" என்றேன். வேலை தொடரும் என்று அவர் சொன்னதும் போனை வைத்துவிட்டு, சமையலறையில் மாமியாரைக் கட்டிக்கொண்டு அழுதேன். அவர் கையில் கரண்டி இருந்தது, அதோடு என் முதுகைத் தட்டினார்.

லிஃப்ட் அண்ணனுக்குப் போன் செய்தேன். "ரொம்ப சந்தோஷம்மா, வேலையில இருக்கேன்" என்று சொல்லி வைத்துவிட்டார். சாயங்காலம் வீட்டுக்குப் போனேன். வெளியே போயிருக்கிறார் என்றார் அவர் மனைவி. உள்ளே ஒரு நாற்காலி நகர்ந்தது எனக்கு நன்றாகக் கேட்டது. அடுத்த நாள் நானும் மாமியாரும் லிஃப்டில் இறங்கும்போது, அவர் எங்களைப் பார்த்துவிட்டுப் படிக்கட்டு வழியாக ஏறிவிட்டார் என்று மாமியார் ரிப்போர்ட் கொடுத்தார். ஒரு வாரம் இப்படியே போயிற்று. நான் திட்டியபோது ஓடி வந்த மனிதர், நன்றி சொல்லப்போனால் ஓடி ஒளிகிறார்.

அடுத்த வியாழக்கிழமை மாமியார் மூச்சு வாங்க உள்ளே வந்தார். "கிளம்பு, கிளம்பு. லிஃப்ட் தம்பி லிஃப்டுக்கு மேல ஏறி நின்னு வேலை பார்த்துக்கிட்டிருக்கு. நம்ம மாடிக்குக் கொஞ்சம் கீழ. எங்கயும் போக முடியாது."

நடைபாதையில் மாடிக் கதவு மூடியிருந்தது. அதன் இடுக்கில் வாயை வைத்தேன். உள்ளே கம்பி வடங்களின் குளிர்ச்சியும் கிரீஸ் வாசனையும் முகத்தில் வந்து மோதின. கீழே ஸ்பானர் சத்தம்.

"அண்ணே!"

ஸ்பானர் நின்றது.

"அண்ணே, நான்தான். நீங்க பதில் சொல்ல வேண்டாம். நான் சொல்றதை மட்டும் கேளுங்க. அன்னைக்குப் போன்ல நான் பேசினது ரொம்பத் தப்பு. நான் பாதியில அணைச்சேன், நீங்க உங்க தப்புன்னு சொன்னீங்க. இந்த வேலை இல்லைன்னா நான் இந்த வீட்டுல சும்மா உட்கார்ந்திருப்பேன் அண்ணே. யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க, தங்கமா பார்த்துக்குவாங்க. அதுதான் எனக்குப் பயம். தினமும் காலையில அந்தப் பெடலை மிதிக்கும்போது நானும் இந்த ஊர்ல ஒரு ஆளுன்னு இருக்கு. அதை நீங்க எனக்குத் திருப்பிக் கொடுத்திருக்கீங்க. உங்களுக்கு ரொம்ப ரொம்ப நன்றி."

லிஃப்ட் ஏறி இறங்கும் குழிக்குள் என் குரல் மேலும் கீழும் போய் எல்லா மாடிக்கும் கேட்டிருக்கிறது. இரண்டாம் மாடியில் யாரோ கதவைத் திறந்தார்கள். மாமியார் என் தோளுக்கு மேலாக, "நானும் சொன்னேன்னு சொல்லு" என்றார்.

உள்ளே மூக்கை உறிஞ்சும் சத்தம் வந்தது.

"இருபத்தாறு வருஷமா இந்தத் தொழில்ல இருக்கேம்மா" என்றார். குரல் அவருடையது மாதிரியே இல்லை. "நான் கை வெச்ச ஒரு லிஃப்டுல யாருக்கும் ஒரு கீறல் விழுந்தது இல்ல. அன்னைக்கு நீங்க போன் பண்ணினப்போ, ஒருத்தர் பொழப்புலயே கை வெச்சுட்டேனேன்னு எனக்கு ஆகிப்போச்சு. டெஸ்ட்ல பாஸ்னு நீங்க சொன்னப்பகூட நம்ப முடியல. மறுபடி ஏதாவது நின்னு போச்சுன்னு சொல்லத்தான் தேடுறீங்களோன்னு ஒரு வாரமா உங்க கண்ணுல படாம திரிஞ்சேன்."

"ஒண்ணும் நிக்கல அண்ணே. இன்னைக்குக் காலையில மட்டும் பதினொண்ணு முடிச்சுட்டேன்."

"பதினொண்ணா?"

"பதினொண்ணு."

கீழே அவர் பெரிதாக ஒரு மூச்சு விட்டது கதவிடுக்கு வழியாக என் முகம் வரை வந்தது. ஒரு வாரமாக அந்த மனிதர் என் வேலையைத் தானும் சுமந்துகொண்டு பதினோரு கட்டடங்களிலும் ஏறி இறங்கியிருக்கிறார். எனக்கு அது தெரியாமலே போயிருக்கும்.

"சரிம்மா" என்றார். "லிஃப்டை மேல ஏத்தப்போறேன். கதவை விட்டு ரெண்டடி தள்ளி நில்லுங்க."

நானும் மாமியாரும் இரண்டடி தள்ளி நின்றோம்.